சித்திக் பாயின் புது வண்டியில் லிவா வரை

போன ஜனவரியில் என் மனைவி கலா ஒரு மாத விசிட் விசாவில் ஷார்ஜா வந்தாள். வந்த நாளிலிருந்து ஒரே கேள்வி, பாலைவனம் எங்கே என்று. அபுதாபிக்குத் தெற்கே, மணல்மேடுகளுக்குப் பேர்போன லிவா போவதென்று முடிவானது. வண்டி கொடுத்தவர் சித்திக் பாய். எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அதிராம்பட்டினத்துக்காரர். பதினெட்டு வருடம் கடை பிக்கப்பையே ஓட்டிவிட்டு, மூன்று மாதம் முன்புதான் சொந்தமாக ஒரு கருநீலக் கார் வாங்கியிருந்தார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. எனக்குக் கேட்கவே கூச்சம். அவராகவே சாவியை நீட்டினார்.

"வெயிலுக்குப் பயமில்ல தம்பி. இந்தக் குளிர்காலக் காத்துதான். மணலை அள்ளி அடிச்சா பெயின்ட் போயிடும். பாத்து ஓட்டுங்க."

அந்த ஒரு சொல்லுக்காக, முதல் நாள் மாலை ஷார்ஜா தொழில்பேட்டையில் பெயின்டராக இருக்கும் வேலுவிடம் போனேன். எங்கள் ஊர்ப் பையன். பெயின்ட் அடிக்கும்போது ஒட்டுகிற டேப்பை முன் பம்பரிலும் பானட்டிலும் வரிவரியாக ஒட்டிவிட்டான். மூன்று ரோல், பதினைந்து திர்ஹாம். கூலி வாங்க மறுத்துவிட்டான்.

"மணல் படிஞ்சா துணியால தொடைச்சிராதண்ணே, கோடு விழுந்துரும். தண்ணி அடிச்சுக் கழுவு. ஊரு திரும்புன அன்னிக்கே டேப்பப் பிரிச்சிரு, காஞ்சா பசை போவாது."

காலை ஆறு மணிக்குக் கிளம்பி, 350 கிலோமீட்டர், பத்தரைக்கு லிவா. பெரிய மணல்மேடு அங்கிருந்து இன்னும் 25 கிலோமீட்டர். அதைப் பார்த்ததும் கலா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறத் தொடங்கினாள். எனக்கு அது போதும்.

பிறகு போட்டோ. வளைகுடாவுக்கு வந்தவன் காரில் சாய்ந்து நின்று ஊருக்கு ஒரு படம் அனுப்பாவிட்டால் எப்படி? கலா சிரித்தாள். "கட்டுப் போட்ட மாதிரி இருக்குங்க. அம்மா ஆக்சிடென்ட்டுன்னு நெனச்சுக்கும்." நான் யோசிக்கவே இல்லை, பானட் டேப்பை மொத்தமாக உரித்தேன். படம் பிரமாதம். திரும்ப ஒட்டப் பார்த்தால் பசை முழுக்க மணல். ஒட்டவில்லை.

இரண்டு மணிக்குத் திரும்பக் கிளம்பினோம். அரை மணி நேரத்தில் காற்று பிடித்துக்கொண்டது. சாலையின் குறுக்கே மணல் ஓடியது, பானட்டில் சடசடவென்று சத்தம். எண்பதுக்குமேல் போகவில்லை. வழியில் பெட்ரோல் பங்கில் ஒதுங்கி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அங்கே மணலைத் துடைக்கத் துணியை எடுத்த என் கையைக் கலாதான் பிடித்து நிறுத்தினாள். எட்டரைக்கு ஷார்ஜா வந்து, கழுவி, மிச்ச டேப்பைப் பிரித்தேன். பம்பர் புதுசு மாதிரி. பானட்டின் முன்விளிம்பில் இரண்டு சாண் அகலத்துக்குப் பொடிப்பொடியாய்ப் புள்ளி விழுந்து மங்கியிருந்தது.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: டேப் ஒட்டுங்கள், காற்று எழுந்தால் ஒதுங்குங்கள். பெட்ரோலுக்கு எனக்கு 160 திர்ஹாம் ஆனது. போட்டோவை டேப் ஒட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

பாய் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் குனிந்து பானட்டை விரலால் தடவினார். "ஊருக்கு அனுப்பின படத்தக் காட்டுங்க" என்றார். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நான் இன்னும் ஒண்ணுகூட எடுக்கல தம்பி. ஊர்ல உம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒண்ணு எடுங்க."

தலையைக் கோதிக்கொண்டு வண்டியின் முன்னால் வந்தார். மங்கிப்போன இடம் படத்தில் தெரியாதபடி, சரியாக அதன்மேலேயே சாய்ந்து நின்றார்.