தங்கப் பிரேமின்ரை நாலாவது மூலை

பிரேம் போடுற தொழிலிலை படத்தை எல்லாரும் பாப்பினம், பிரேமை ஒருத்தரும் பாக்காயினம். கலியாண வீட்டிலை பின்னுக்கு நிண்டு சோறு வடிக்கிற ஆக்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மாட்டுக்கு வந்த யோகம்

பாரிஸ் லா சப்பலிலை எங்கடை பட்டறைக்கு ஒரு அமெரிக்க அம்மா பழைய படம் ஒண்டு கொண்டுவந்தா. அமெரிக்காவிலை அவவின்ரை தேப்பன் வீட்டிலை தொங்கினதாம். படத்திலை ஒரு மாடு, கொஞ்சம் புல்லு. சுத்திவரத் தங்கப் பிரேம், இலை, பூ, சிப்பி எண்டு தேர் மாதிரி. ஒரு மூலை மட்டும் உடைஞ்சு கொட்டுண்டு போச்சு. புதுசாப் போடுற மூலை கண்ணுக்குத் தெரியவே கூடாது எண்டிட்டா. தங்கம் ஒட்டுறது மன்னார் ஜெசிந்தா அக்கா. இது பிழைச்சால் இனித் தங்கவேலையும் இல்லை, உனக்கு இஞ்சை இடமும் இல்லை எண்டு பட்டறை முதலாளி, எங்கடை பத்ரோன், அவவுக்குச் சொல்லிப்போட்டார். கலியாணப் படத்துக்குப் பிரேம் போட வந்த அண்ணை ஒராள் எட்டிப் பாத்தார்.

"என்ரை மனுசிக்கே நான் இவ்வளவு போடேல்லை, உந்த மாட்டுக்கு ஆர் போட்டது?"

வாய்க்குப் பூட்டு

தங்கத்தாள் மூச்சுப் பட்டாலே பறக்கும். அக்கா மூலையைச் செதுக்கி, சிவப்புக் களி பூசி, பிரஷைத் தன்ரை கன்னத்திலை ஒருக்காத் தடவுவா. அந்த எண்ணெய்ப் பசையிலை தாள் ஒட்டிக்கொண்டு வந்து பூவிலை அப்பிடியே படுக்கும். வாய் பாத்துக்கொண்டு நிக்கலாம். நான் சும்மா நிக்கிற ஆளோ? "அக்கா, மாட்டுக்கும் ஒரு சங்கிலி போட்டுவிடுவமோ?" எண்டன். அவ குபீரெண்டு சிரிக்க, தாள் பறந்து வந்து என்ரை மூக்கிலை ஒட்டிச்சுது.

"வாயைப் பொத்து தம்பி, அடுத்த தாள் உன்ரை பல்லிலைதான்!"

இலையான்

புது மூலை பளபளவெண்டு நிக்குது, மற்ற மூண்டும் மங்கல். அக்கா பஞ்சாலை தேய்ச்சுத் தேய்ச்சு அடியிலை கிடந்த சிவப்பைக் கொஞ்சம் தெரியப் பண்ணினா. பிறகு பல்லுத் தீட்டுற பிரஷிலை மண்ணிறப் பெயின்ற் தொட்டு, விரலாலை புது மூலையிலை தெறிக்க விட்டா. "ஐயோ அக்கா, வேலை போகப்போகுது!" எண்டு கத்தினன். மனிசி நிமிரக்கூட இல்லை.

"மற்ற மூலை எல்லாத்திலையும் இலையான் மொய்ச்சு இருந்து எச்சம் போட்டிருக்கு. இதிலை மட்டும் ஏன் போடேல்லை எண்டு அந்த அம்மா கேட்டால், நீ போய் இருப்பியோ?"

அம்மா வந்த நாள்

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு மூலையையும் தடவித் தடவிப் பாத்தா. பத்ரோனுக்குப் புது மூலையிலை கிடந்த புள்ளி கண்ணிலை பட்டுட்டுது. ஊத்தை எண்டு நினைச்சு ஈரத்துணியோடை பாய்ஞ்சார். அம்மா அவரின்ரை கையை எட்டிப் பிடிச்சா.

"தொடாதேங்கோ முசியே! அது எங்கடை அப்பா வீட்டு இலையான்!"

எங்களுக்கு இஞ்சை இருக்கிறதுக்கு ஒரு விசாக் கார்த் எடுக்கவே நாக்குத் தள்ளுது, ஜெசிந்தா அக்கா என்னடா எண்டால் ஒரு சொட்டுப் பெயின்றிலை லா சப்பல் இலையானுக்கு அமெரிக்கக் குடியுரிமை எடுத்துக் குடுத்திட்டா.