சூடம் காட்டாமல் கூப்பிட்டோம்

“காளி அத்தை போட்டோவை எடுத்துக் கொடுங்க. நான் பார்க்கணும்.”

எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஸ்கூட்டி கேட்கலாம், தங்கக் கொலுசு கேட்கலாம், ஐரோப்பா டூர்கூடக் கேட்கலாம். இதை மட்டும் கேட்கக் கூடாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது நான் கேட்டேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

இனி எழுதப் போவதில் ஒரு வரிகூட நான் ஜோடித்ததில்லை. போன ஜூலையில் என் கண் பார்க்க, காது கேட்க நடந்தது. பயணக் களைப்பு, மனப்பிரமை என்று எனக்கு வைத்தியம் சொல்ல நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் பெயர் இந்துஜா. கோவில்பட்டியில் எங்களுக்குத் தீப்பெட்டி ஃபேக்டரி. அப்பா சண்முகராஜ் எட்டாம் வகுப்பு. அம்மா சுகுணா அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.இ. முடித்ததும் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. வேலைக்கான கடிதம் வந்த மறுவாரமே, ஆவணியில் கல்யாணம் என்று அப்பா நாள் குறித்துவிட்டார். நான் மாட்டேன் என்றேன். அவரும் நானும் மாதக்கணக்கில் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் அவராகவே வந்தார்.

“நீ ஆசைப்பட்ட ஊரெல்லாம் போய்ப் பார்த்துட்டு வருவோம்ட்டி. வந்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்.”

குடும்பமாக நாங்கள் குற்றாலத்தைத் தாண்டிப் போனதில்லை. டூர் முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்றேன். அதாவது, பாதி சரி சொல்லிவிட்டேன்.

காளீஸ்வரி அப்பாவின் தங்கை. நான் பிறக்கும் முன்பே, பதினேழு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்வார்கள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை எங்கள் பக்கம் வீட்டுக் கன்னியாகக் கும்பிடுவோம். ஆடி முதல் வெள்ளிக்குப் புதுப் பாவாடை, தாவணி, வளையல், ரிப்பன், அவளுக்குப் பிடித்த தின்பண்டம் எல்லாம் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கும்பிட்டு முடிந்ததும் சூடம் காட்டி அனுப்பி வைப்போம். துணியை ஓலைப்பெட்டியில் போட்டு மூடிவிடுவோம். அடுத்த வருஷம் புதுசு வைக்கும்போது, பழசை வீட்டிலிருக்கும் கல்யாணமாகாத பெண் உடுத்த வேண்டும். வீட்டில் ஒரே பெண் நான். செத்தவளுக்கு வைத்த பாவாடையை வருஷா வருஷம் உடுத்துகிறேன். அவள் முகம் எனக்குத் தெரியாது. செத்துப்போனவர்கள் அத்தனை பேருக்கும் கூடத்தில் மாலை போட்ட படம் உண்டு. அவளுக்கு இல்லை. அதனால்தான் கேட்டேன்.

இந்த முறை அந்த வெள்ளிக்கிழமை டூருக்குள் வந்து விழுந்தது. “ஒரு வருஷமும் விட்டதில்ல. போற இடத்துல வச்சுக் கும்பிடுவோம்,” என்றார் அப்பா. அம்மா மாம்பழ நிறத்தில் பட்டுப் பாவாடை, பச்சைத் தாவணி, வளையல், கடலைமிட்டாய், சூடம் எல்லாம் சூட்கேஸில் அடுக்கினாள். அப்பா எங்கள் தீப்பெட்டி ஒரு பண்டலைச் சொருகினார். சென்னை ஏர்போர்ட்டில் சூட்கேஸைத் தனியே எடுத்து வைத்து, சூடத்தையும் தீப்பெட்டியையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

“சார், இது எங்க ஃபேக்டரி சரக்கு,” என்றார் அப்பா, அதனால் அது பற்றாது என்பதுபோல.

பாரிஸில் ஒரு குறையும் இல்லை. ஈஃபில் டவருக்குக் கீழே உட்கார்ந்து அம்மா புளியோதரை சாப்பிட்டாள். அப்பா இரும்பை நிமிர்ந்து பார்த்து, “பெயிண்ட் அடிக்கவே மாளாது,” என்றார். நான் சிரித்தேன். அப்பாவோடு சேர்ந்து நான் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சுவிட்சர்லாந்து. மலையடிவாரத்தில் சின்ன ஹோட்டல். மூன்று பேருக்கும் ஒரே அறை. சாயங்காலம் எட்டு மணிக்கு நம்ம ஊர் நாலு மணி வெயில் அடித்தது. கண்ணாடிக்கு முன்னால் இருந்த மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தாள் அம்மா.

“காளி... வாம்மா. வந்து ஏத்துக்கோ.”

அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

“சூடம் காட்டாம எப்படி அனுப்ப?” என்றாள் அம்மா.

“ஊருக்குப் போய்க் காட்டிக்கிடலாம்.”

“கூப்பிட்டாச்சே.”

“ஒண்ணும் ஆகாது. துணியை எடுத்து மடிச்சு வை.”

தீப்பெட்டி செய்கிற குடும்பம். ஒரு குச்சி உரச வழியில்லை. கூப்பிட்டோம். அனுப்பவில்லை.

மறுநாள் குளிரில் விழித்தேன். மணி ஐந்தரை. அறைக்கதவு விரியத் திறந்து கிடந்தது. படுக்கும் முன் சங்கிலியை மாட்டியது நான்தான். உள்ளேயிருந்துதான் அதைக் கழற்ற முடியும். சங்கிலி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது... காற்றே இல்லை.

மேஜையில் முந்தின நாள் வாங்கிய தண்ணீர் பாட்டில்கள். எல்லாம் காலி. மூடிகள் இறுக்கித் திருகியிருந்தன.

“ஏட்டி, நீயா குடிச்ச?”

“அத்தனையுமா? நான் என்ன ஒட்டகமா?”

“இங்கன தண்ணி என்ன விலை விக்குது தெரியுமா உனக்கு?”

அம்மா கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்தாள். அது வைத்தது வைத்தபடி இருந்தது. போனது தண்ணீர் மட்டும்தான்.

அடுத்த ராத்திரி கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். காலையில் கதவு திறந்திருந்தது. நாற்காலி விழவில்லை. சுவரோரமாக, மறுபடி யாரோ உட்காரப் போவதுபோல், நேராகப் போடப்பட்டிருந்தது. பாட்டில்கள் காலி.

அன்றைக்கு இத்தாலிக்குக் கிளம்ப வேண்டும். எல்லோரும் ஏறியாகிவிட்டது. பஸ் நகரவில்லை. வெள்ளைக்கார டிரைவர் திறந்த கதவைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். டூர் கைடு மணிகண்டபிரபு என்னிடம் வந்தார். மதுரைக்காரர்.

“மேடம், உங்க தங்கச்சி இன்னும் ஏறலைங்கிறார்.”

“எனக்குத் தங்கச்சியே கிடையாது.”

“விளையாடாதீங்க மேடம். ரெண்டு நாளா காலையில லாபியில தண்ணி மெஷின் பக்கத்துல நிக்கிறாங்களே. இந்தக் குளிர்ல பாவாடை தாவணியான்னு எனக்கே ஆச்சரியம். குட்மார்னிங் சொன்னா திரும்பக்கூட மாட்டேங்கிறாங்க.”

“என்ன கலர் பாவாடை?”

“மாம்பழக் கலர்.”

அந்தப் பாவாடை சூட்கேஸில் இருந்தது. சூட்கேஸ் பஸ்ஸின் வயிற்றுக்குள். நம்பர் பூட்டு போட்டது நான்.

“தம்பி,” என்றார் அப்பா. அவர் குரல் அவருடையதாக இல்லை. “கதவைச் சாத்தச் சொல்லுங்க.”

டிரைவர் பட்டனை அழுத்தினார். கதவு பாதி மூடி... திறந்தது. மறுபடி மூடி... மறுபடி திறந்தது. அப்புறம் மூடியது. என் பக்கத்து சீட் காலி. அங்கேயிருந்து ஒரு வாசம் வந்தது. மெழுகும் தீக்குச்சி மருந்தும் சேர்ந்த வாசம். எங்கள் ஃபேக்டரியில் மட்டும் அடிக்கிற வாசம். இத்தாலி எல்லை தாண்டும் வரை அது போகவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மாவும் அப்பாவும் கீழே போனார்கள். எனக்குத் தலைவலி. படுத்துக்கொண்டேன். மணி எட்டு ஐம்பது. ஜன்னலில் வெளிச்சம் இன்னும் போகவில்லை. கட்டிலிலிருந்து பார்த்தால் பாத்ரூம் கதவு தெரியும். திறந்திருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக மூடியது.

க்ளக்... தாழ்ப்பாள்.

உள்ளே விளக்கு எரியவில்லை.

டொக்.

டொக்... டொக்.

யாராவது நின்று தட்டினால் சத்தம் மேலேயிருந்து வரும். இது கீழேயிருந்து வந்தது. தரையில் உட்கார்ந்திருப்பவர் தட்டுகிற உயரம்.

“யாரு?”

நின்றது.

பிறகு நகம். மரத்தில். சர்... சர்... சர்...

“அண்ணே...”

வறண்ட குரல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட குரல். எங்கள் ஊர்க் குரல்.

“அண்ணே... கதவைத் திறண்ணே...”

என்னால் அசைய முடியவில்லை.

“சரின்னு சொல்லுதேண்ணே...”

சர்... சர்...

“தண்ணி...”

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பிடியைத் தொட்டேன். தாழ் விழுந்த கதவு.

திறந்துகொண்டது.

யாரும் இல்லை.

தரை காய்ந்து கிடந்தது.

கதவின் உள்பக்கம், முழங்கால் உயரத்துக்குக் கீழே, முழுக்க நகக்கீறல். வெள்ளைப் பெயிண்ட் உமிபோல உதிர்ந்து கிடந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். என்ன ஆச்சு என்று அப்பா கேட்கவில்லை. குத்த வைத்து உட்கார்ந்து, ஒரு கீறலின் மேல் விரலை ஓட்டினார். எனக்கு அதுதான் பயங்கரம். இதற்கு முன்னால் ஒரு கதவில் இதைப் பார்த்தவர்போல இருந்தது அவர் முகம்.

“அத்தை எப்படிச் செத்தா?” என்றேன்.

“காய்ச்சல்.”

“அப்பா.”

“காய்ச்சல்னு சொல்லுதேன்ல.”

காலையில் ஹோட்டல்காரர்கள் கதவைக் காட்டிச் சத்தம் போட்டார்கள். ஒரு பாட்டில் தண்ணீருக்குக் கணக்குக் கேட்ட அப்பா, அவர்கள் கேட்ட பணத்தை எடுத்துக் கொடுத்தார். மணிகண்டபிரபு யார் செய்தது என்று கேட்டார்.

“நான்தான்,” என்றார் அப்பா. “நான் செஞ்சதுதான்னு சொல்லிருங்க.”

மீதி டூரில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. கோவில்பட்டி வந்து இறங்கியபோது உச்சி வெயில். அம்மா காலைக் கழுவினாள், நேரே சாமி அறைக்குப் போனாள். சூடத்தை வைத்துக் குச்சியை உரசினாள். பற்றியது. அணைந்தது. இன்னொன்று. பற்றியது. அணைந்தது. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் திறக்கவில்லை. எங்கள் பெட்டி. எங்கள் மருந்து. ஒரு பெட்டி முழுக்கத் தீர்ந்தும் சூடம் வெள்ளையாக அப்படியே இருந்தது.

நான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

கதவில் புதுத் தாழ்ப்பாள். பித்தளை. வெளிப்பக்கம்.

“அம்மா, இது என்ன?”

அம்மா வந்து பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நாம இல்லாதப்ப உங்கப்பா ஆசாரியை வரச் சொல்லியிருக்காவ போல. கல்யாணம் முடியுத வரைக்கும் ஒரு பாதுகாப்புக்குன்னு...” அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் சொன்னாள். நான் நின்றபடி கேட்டேன்.

காளி அத்தை பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். காலேஜுக்குப் போகணும் என்றிருக்கிறாள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாட்டேன் என்றிருக்கிறாள். சரி என்று சொல்லும் வரை கிடக்கட்டும் என்று, ஃபேக்டரியில் குச்சி காயப் போடுகிற அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வைகாசி மாதம். கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஃபேக்டரி லீவு. ஜன்னல் இல்லாத அறை. பூட்டியது அப்பா. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சரக்கு லாரியோடு வெளியூர் போய்விட்டார். இன்னொரு சாவி வீட்டில் யாரிடமாவது இருக்கும், யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரை நினைத்துக்கொண்டார்கள். இன்னொரு சாவியே கிடையாது. அவர் திரும்பி வந்து திறந்தபோது மூன்றாம் நாள்.

“கதவுக்குக் கீழ்ப்பக்கம் பூரா நகக்கீறல். அந்தக் கதவைக் கழட்டி எரிச்சிட்டாவ. அவ போட்டோ ஒண்ணே ஒண்ணுதான். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தது. அதைத் திரும்ப வாங்கணும்னு யாருக்கும் தோணல.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“நீ வயித்துல இருக்கும்போது.”

எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்தப் பாவாடைகளை எனக்குக் கட்டிவிட்டிருக்கிறாள்.

“ஒண்ணு கேளு,” என்றாள். “மொத நாள் ராத்திரியே அவ சரின்னு சொல்லிட்டாளாம். சரின்னு சொல்லுதேண்ணே, சரின்னு சொல்லுதேண்ணேன்னு கத்தியிருக்கா. வாட்ச்மேன் வீட்டுல வந்து சொல்லியிருக்கான். அண்ணன் வந்து திறப்பான், இருக்கட்டும்னு விட்டுட்டாவ.”

பாத்ரூமுக்குள் கேட்ட வார்த்தைகளை அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சூட்கேஸை நான் இன்னும் கீழே வைத்திருக்கவில்லை. அப்படியே திரும்பிக் கூடத்துக்கு வந்தேன். அப்பா வாசலுக்குப் போகிற வழியில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“கல்யாணம் கிடையாது. கோயம்புத்தூர் போறேன்.”

“யோசிச்சுப் பேசுட்டி.”

“அவ சரின்னுதான் சொன்னா. என்ன ஆச்சு?”

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு இடது பக்கம், என் தோள் உயரத்தில் எதையோ பார்த்தார். மெதுவாகக் காலை மடக்கினார். நாற்காலியையும் பின்னால் தள்ளினார். ஒரு ஆள் போவதற்குத் தேவையானதைவிட அதிகமாக வழி விட்டார்.

நான் நடந்தேன். மெழுகும் மருந்தும் கலந்த வாசம் கூடவே வந்தது. இந்த முறை எனக்குப் பயமாக இல்லை.

“ஏட்டி, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போ,” என்றாள் அம்மா பின்னாலிருந்து. எங்கள் பக்கம் வாசல் தாண்டும்போது வேறு எப்படியும் சொல்ல மாட்டார்கள்.

“போறேன்,” என்றேன்.