கட்டைவிரலில் ஒரு கடலை ஓடு

"படக்!"

சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்ததுமே என் அக்கா வெர்லீனின் முகம் வெளுத்துவிட்டது. படுக்கையறையில் நான் அவளுடைய பந்தய உடுப்பின் கால்பட்டியை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தேன்.

"படக்! படக்!"

"டாட்டி, அது என்ன சத்தம்டீ? கடலை உடைக்கிற சத்தம் இல்லையே? இல்லேன்னு சொல்லு!"

நான் எப்படிச் சொல்வேன்? எங்கள் சவுத்தாம்ப்டன் மாவட்டத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும். எங்கள் ஊர் விளைவிப்பதே நிலக்கடலைதான். ஆனால் கார்ப் பந்தயக்காரர் வீட்டு வாசற்படியை ஓட்டுக்கடலை தாண்டக் கூடாது. ஓடு கிடந்த இடத்தில் வண்டி கவிழும். எங்கள் ஊரில் பைபிளை மறந்தவன்கூட இதை மறக்கமாட்டான்.

அக்கா வெறுங்காலோடு ஓடினாள். சமையலறை மேசையில் கிளேட்டன் ஜாய்னர் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் அவளுடைய கையுறை, மறு கையில் ஊசி நூல். மேசை முழுக்கக் கடலை ஓடு!

"யோவ் கிளேட்டன்! உனக்கு மூளை இருக்கா? இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியுமா?"

"கையுறைல கட்டைவிரல் பிஞ்சிருந்துதுன்னு தச்சுக்கிட்டு இருந்தேன் வெர்லீன். பதட்டமா இருந்துச்சு. பாக்கெட்ல கடலை இருந்துச்சு. கை தன்னால..."

"உன் பதட்டத்துக்கு என் வண்டியைக் கவுக்கணுமா?"

பாவம் அந்த மனிதர். நாற்பது ஏக்கர் கடலை போடுகிறவர், மனைவியை இழந்தவர். ஆறு வருடமாக ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்பார். "கடலைக்காரனும் கார்க்காரியும் ஒரே கூரைக்குக் கீழ ஆகாது" என்று அக்காவும் அதே பதிலைச் சொல்லி அனுப்புவாள். சொல்லிவிட்டு, அவருடைய வண்டி தெருமுனை திரும்பும்வரை ஜன்னலோரம் நிற்பாள். அது எனக்கு மட்டும் தெரியும்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். ஒரு குழந்தையின் முழங்கால்கூடச் சிராய்த்ததில்லை. எல்லிஸ் ப்ரூடன் என்ற பெரியவரிடம் 1939 மாடல் கார் ஒன்று இருந்தது. அவருக்கு மூட்டு போனபோது, "பஸ்ஸையே வளைச்சு ஓட்டுறவ, இதையும் ஓட்டுவா" என்று சாவியை இவளிடம் கொடுத்தார். பழைய கார்கள் மட்டும் ஓடும் பந்தயம். ஆனால் ஓட்டுகிறவர்களின் ரத்தம் பழசா என்ன?

ஒன்பது வருடம் ஓட்டினாள். நான்கு முறை இரண்டாம் இடம். முதலிடம் ஒருமுறைகூட இல்லை.

போன வாரம் எல்லிஸ் சொல்லிவிட்டார். "வர்ற சனிக்கிழமை ஜெயிச்சா வண்டி உன்னோடது மாதிரி. இல்லேன்னா என் தம்பி மகன் ட்வைட்டுக்குத்தான் ஸ்டியரிங். மனசு கஷ்டப்படாதே அம்மா."

அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. அப்படிப்பட்ட சனிக்கிழமையில்தான் இந்தக் கடலை!

நான் பெருக்கினேன். அக்கா பூட்ஸைத் தட்டினாள், உடுப்பை உதறினாள். "இன்னிக்கு என் கண்ணுலயே படாதே!" என்று கிளேட்டனை விரட்டினாள். அவர் கையுறைகளை மேசையில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து போனார்.

மதியம் பிளாக் க்ரீக் மைதானம் நிரம்பி வழிந்தது. எங்கள் தெருவைவிடக் கொஞ்சம் நீளமான செம்மண் வட்டம், அதை முட்டை மாதிரி நீட்டியிருப்பார்கள். பத்து கார்கள், இருபத்தைந்து சுற்று. பச்சைக் கொடி அசைந்ததும் எழுந்த இரைச்சலில் என் பல்லெல்லாம் ஆடியது!

நான்காவதாகக் கிளம்பிய அக்கா எட்டாவது சுற்றில் மூன்றாவது. பதினான்கில் இரண்டாவது. முன்னால் டெல்மரின் சிவப்புக் கார் மட்டும்தான். ஆனால் மூன்றாவது வளைவு வந்ததும் அக்காவின் கார் லேசாகத் தயங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் அதே தயக்கம். ஒன்பது வருடமாக அவளைத் தோற்கடித்தது அதுதான். பின்னால் நாற்பது குழந்தைகள் உட்கார்ந்திருப்பதுபோல அங்கே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கிவிடுவாள்.

"அப்பவே சொன்னேன், இவ பஸ் ஓட்டுறான்னு!" என்று பின் வரிசையில் யாரோ கத்தினான். "ஸ்டாப்ல ஆள் ஏத்திக்கிட்டு வரட்டும்!"

எல்லிஸ் கண்ணை மூடிக்கொண்டார். மைதானத்தின் கடைசி மூலையில், ஒரு கம்பத்துக்குப் பின்னால், கிளேட்டனின் தொப்பி தெரிந்தது.

இருபதாவது சுற்று. உள்ளே நடந்ததை அக்காவே பிறகு என்னிடம் சொன்னாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபோது வலது கட்டைவிரலில் ஏதோ குத்தியது. அசைத்துப் பார்த்தாள். நொறுங்கியது. கடலை ஓடு! புதுத் தையலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு இத்தனை சுற்றும் அவளோடு வந்திருக்கிறது.

"இதோ கவுந்தோம்னு நெனச்சேன்டீ டாட்டி. அப்புறம் சிரிப்பு வந்துடுச்சு. வரவேண்டிய கெட்டது கைக்குள்ளயே வந்து உக்காந்தாச்சு. இனிமே எதுக்குப் பயப்படணும்?"

இருபத்தொன்றாவது சுற்றில் அவள் காலைத் தூக்கவில்லை!

நான் பெஞ்சின்மேல் ஏறிவிட்டேன். கார் சுவரோரம் ஏறியது, பின்பக்கம் வழுக்கியது, செம்மண் மழையாகக் கொட்டியது. ஆனாலும் திரும்பியது! இருபத்துமூன்றில் டெல்மரின் பின்சக்கரம் வரை வந்தாள். இருபத்துநான்கில் இரண்டு காரும் ஒட்டிப்பிறந்ததுபோல ஓடின. கடைசி வளைவில் டெல்மர் காலைத் தூக்கினான். என் அக்கா தூக்கவில்லை. முடிவுக் கோட்டில் கட்டம் போட்ட கொடி அசைந்தபோது அவள் காரின் மூக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது!

நான் அழுதேன். கத்தினேன். பக்கத்திலிருந்தவரின் தொப்பியைப் பிடுங்கி வீசினேன். யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் எல்லிஸ் கோப்பையோடு அக்கா வீட்டுக்கு வந்தார். கிளேட்டனும் வந்திருந்தார். உள்ளே வரத் தயங்கியவரை நான்தான் இழுத்து, காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார வைத்தேன். அக்கா கையுறையை உதறினாள். உடைந்த ஓடு மேசையில் விழுந்தது.



"மிஸ்டர் எல்லிஸ், இது கைக்குள்ள இருந்துச்சு. மறைக்க மனசு வரல. சாவியைத் திருப்பிக் கேட்டா தந்துடுறேன்" என்றாள் அக்கா.

எல்லிஸ் அந்த ஓட்டுத் துண்டுகளைப் பார்த்தார். பிறகு கிளேட்டனைப் பார்த்தார்.

"உன் வேலையா?"

"ஆமாங்க" என்றார் கிளேட்டன், குற்றவாளி மாதிரி.

பெரியவர் ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது என்கிட்ட பத்திரமா இருக்கட்டும். வெர்லீன், அந்தக் கையுறையைத் தோய்ச்சுக் கீய்ச்சு வெச்சிடாதே. அடுத்த சனிக்கிழமை காலைல இந்த ஆளு இதே நாற்காலியில உக்காந்து, இதே மாதிரி கடலை உடைக்கணும். ஜெயிச்ச அன்னிக்கு இருந்ததுல ஒண்ணுகூட மாறக் கூடாது. நடுவுல எங்கயாவது ஓடிப்போயிடப் போறான், பிடிச்சு வெச்சுக்கோ!"

அக்கா முகம் சிவந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அது உங்க உத்தரவா மிஸ்டர் எல்லிஸ்?"

"உத்தரவுதான்."

"சரிங்க" என்றாள் அக்கா, கிளேட்டனைப் பார்த்துக்கொண்டே. "வண்டிக்காக."

கிளேட்டனின் கையிலிருந்த தொப்பி தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

எல்லிஸ் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் படியிறங்கியதும் கிளேட்டன் எழுந்தார். வழக்கமாக, அடுத்து வெளியே போவது அவர்தான்.

"கொசு வரும்" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.