மையவாடிக்குக் கிட்டிய விமான நிலையம்

டிக்கட் விற்கும் தொழிலில், பயணி கடைசியாக எந்த வாசலில் போய் இறங்க வேண்டும் என்பதையே முதலில் கேட்க வேண்டுமென்று எனக்குச் சொல்லித் தந்தவர் பாண்டிருப்புப் பரமேஸ்வரி டீச்சர். ஒரே பாடசாலையில் நெடுங்காலம் கற்பித்தோம். அவர் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய்வருபவர். தவறான ஊரில் இறங்கி அலைந்த அனுபவம் அவருக்கு நிறைய உண்டு. நான் ஓய்வுபெற்ற பின்னர், சாய்ந்தமருதில் என் தம்பி மகன் ரிஸ்வான் நடத்தும் பயண முகவர் நிலையத்தில் பின்னேரங்களில் உட்காரத் தொடங்கியபோது, அவருடைய சொல்லையே சட்டமாக வைத்துக்கொண்டேன். மலிவான டிக்கட்டை வாங்கிவிட்டு, அதில் மிஞ்சியதைப் போல இரு மடங்கை வாடகைக் காருக்குக் கொடுத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

கலியாணச் சேலை

சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர், மகளின் கலியாணச் சேலைக்காக மனைவியோடு சென்னைக்குப் புறப்பட்டார். விமான நிலையத்துக்கு எதிரிலேயே மின்சார ரயில் நிலையம் இருக்கிறது, மாம்பலத்தில் இறங்கினால் கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம் என்று வரைபடத்தை விரித்து விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாடகைக் காருக்கே ஏற்பாடு செய்யச் சொன்னார்.

"ரயில்ல போனா காசு மிச்சம்தான் டீச்சர், ஓம். ஆனா மிச்சம் பிடிச்ச காசுக்கும் என்ட பொஞ்சாதி சேல எடுப்பா. அது கார்க்காரன்ட கைக்குப் போனாத்தான் எனக்கு நிம்மதி."

இத்தா முடிந்த மறுநாள்

அந்தச் சிரிப்பு அடங்கிச் சில நாட்களில் மருதமுனையிலிருந்து ரமீஸா வந்தார். அவருடைய கணவர் ஜமால்தீன், ஆண்கள் இடுப்பில் கட்டும் கைத்தறிச் சாரம் விற்றவர். இருதய சத்திரசிகிச்சைக்காக மதுரைக்குப் போய் அங்கேயே மௌத்தானார். மையித்தைத் தாமதிக்கக் கூடாதென்று அன்றைக்கே அந்த ஊர் மையவாடியில் அடக்கினார்கள். கூடப் போயிருந்தவர், அண்ணனைக் காக்கா என்றழைக்கும் தம்பி இஸ்ஹாக் மட்டுமே. ரமீஸா இங்கிருந்து தொலைபேசியில் செய்தி கேட்டார். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த மறுநாளே என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

எத்தனை நாள் தங்குவது, எந்தப் பகுதியில் ஹோட்டல் வேண்டும் என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஹோட்டல் எங்கயாச்சும் கிடக்கட்டும் டீச்சர். அவர்ர கபுறுக்குக் கிட்ட எந்த ஏப்போட்டு?"

மலிவான பாதை

சென்னை டிக்கட் மலிவு, அங்கிருந்து இரவு ரயிலில் மதுரைக்குப் போகலாம் என்றான் ரிஸ்வான். ரமீஸாவுக்கு முழங்கால் வருத்தம். கதிரையிலிருந்து எழும்பவே மேசையைப் பிடிக்கிறவர், ரயில் படியில் எப்படி ஏறுவார்? கொழும்பிலிருந்து நேரே மதுரைக்கு விமானம் இருக்கும்போது அதையே கொடுக்க வேண்டுமென்று நின்றேன். "மாமி, நாம ஏவாரம் செய்யிறமா, பாடம் எடுக்கிறமா?" என்றான். இரண்டும்தான் என்றேன்.

கபுறடியில் நின்று ஓதி ஜியாறத் செய்வதென்றால், கபுறு இருக்கும் இடம் இஸ்ஹாக்குக்கு மட்டுமே தெரியும். அவரும் கூடப் போவதே முறையென்று சொல்ல அவரை அழைத்தேன். வந்தார், உட்காரவில்லை. தெருப் பெயரையும், வேப்பமரத்துப் பக்கம் மூன்றாவது வரிசை என்பதையும் மட்டும் சொன்னார். நான் வற்புறுத்தியதும் இரு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காக்காவ மண்ணுக்குள்ள வெச்சிட்டுத் தனியா வந்த கையி இது, டீச்சர். இன்னொருக்கா அந்த ஊருக்குப் போக எனக்கு ஏலா."

கட்டுநாயக்க வேன்

ஆகவே ரமீஸாவின் மகள் ஷிஃபானா துணைக்குப் போவதென்று முடிவாயிற்று. பஸ்ஸில் போனால் கொழும்பில் இறங்கி மாற வேண்டும். வீட்டு வாசலில் ஏற்றிக் கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் இறக்கும் வேனில் இரண்டு ஆசனங்கள் பிடித்தேன். மதுரையில் காரை எங்கே பேசுவது, மையவாடி எந்தத் தெருவில் இருக்கிறது, திரும்பும்போது எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பவற்றை வகுப்பில் செய்வதுபோல் இருவரையும் திருப்பிச் சொல்லச் செய்தேன். ரமீஸா தெருப் பெயரில் தடுமாறினார். சரியாக வரும்வரை விடவில்லை.

நான் வழியனுப்பப் போனபோது, வேனில் அதே தெருவிலிருந்து கட்டாருக்குப் போகும் இளைஞர்கள் இருந்தார்கள். வெளியே தாய்மார் யன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ரமீஸா மட்டும் பெருநாளுக்குப் போகிறவர்போல் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சாரதி என்னிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"என்ட வேன்ல ஏறுற எல்லாரும் ஆளப் பிரிஞ்சிதான் போவாங்க டீச்சர். இந்த ராத்தா ஆளப் பாக்கப் போறாங்க."

குடை

திரும்பி வந்ததும் ரமீஸா நேரே அலுவலகத்துக்கு வந்தார். விமானம், கார், தெரு எதிலும் பிசகில்லையாம். ஆனால் மையவாடி வாசலில், பெண்கள் உள்ளே வரக்கூடாதென்று காவலாளி தடுத்துவிட்டார். அந்த இடத்து வழக்கம் அது. கார் வாடகை வரை விசாரித்திருந்த நான் அதை விசாரிக்கவில்லை.

மகள் வாதாடினாள். ரமீஸா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடல் கடந்து வந்திருக்கிறார்கள் என்று அறிந்ததும் அந்த முதியவர் இளகினார். "நீங்க இங்கனயே நில்லுங்கம்மா. அந்தக் குடையக் குடுங்க, நான் போய்க் காட்டுறேன்" என்றாராம். ரமீஸா வெயிலுக்குப் பிடித்திருந்த குடையை வாங்கி, அடையாளமும் கேட்டுக்கொண்டு காவலாளி உள்ளே நடந்தார். வேப்பமரத்துப் பக்கம், மூன்றாவது வரிசையில் நின்று, அதைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். பற்றைகள் மறைத்ததால் மண் தெரியவில்லை, குடை தெரிந்தது. ரமீஸா யாஸீன் ஓதி முடிக்கும்வரை அவர் கையை இறக்கவேயில்லை.

பயணம் வசதியாக இருந்ததா என்று கேட்டேன்.

"ஓம் டீச்சர், நீங்க சொன்னதில ஒரு குறையும் இல்ல. குடையத்தான் ஜியாறத் செஞ்சிட்டு வந்திரிக்கன்."

எல்லா விடைகளும் சரியாக இருந்தும் சித்தியடைய முடியாத பரீட்சையொன்றை என் சேவைக்காலம் முழுவதிலும் காணாத நான், ஓய்வுபெற்ற பிறகு இந்த டிக்கட் மேசையில்தான் கண்டேன்.