திகதி இல்லாத கடிதம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். எனக்கு அப்போது பத்து வயது. கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று தோட்டத்துத் துரைக்கு, பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை என்று அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு, போனில் பேசித் தீராத காரியங்களெல்லாம் என் எழுத்தில்தான் மலையை விட்டு இறங்கும். உருண்டை உருண்டையான எழுத்து. தமிழ் டீச்சர் என் கொப்பியை வகுப்பு முழுக்கக் காட்டுவார். அதனால் எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உருண்டையாகவே இருந்தது. எழுத்து அழகாக இருந்தால் எழுதிய விஷயமும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பிய வயது அது.

டீச்சர் கடிதம் எழுதப் பழக்கியபோது ஒன்றை மட்டும் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார். வலப்பக்க மூலையில் திகதி போடாத கடிதம் தலையில்லாத முண்டம். பரீட்சையில் அதற்கு இரண்டு புள்ளி குறையும். நான் ஒருநாளும் அந்த இரண்டு புள்ளியை இழந்ததில்லை.

அந்த முறை உள்ளூராட்சித் தேர்தலில் நான்கில் ஒரு பங்கு இடம் பெண்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அதுவரை பெண்கள் பக்கம் திரும்பியே பார்க்காத கட்சிக்காரர்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் தேடுவதைப்போல வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் கட்சிக்கு எல்லாமே மாமாதான். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்த அண்ணன். மாத்தளையில் ஆட்டோ ஓட்டினார். டவுனில் சிங்களத்தில் படித்தவர் என்பதால் சிங்களத்தில் வெளுத்து வாங்குவார், தமிழில் நாலு வரி எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். பட்டியலுக்கு ஒரு பெண் வேண்டும் என்று கட்சி அமைப்பாளர் கேட்டதும், மாமா யோசிக்காமல் சித்தியின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

சித்தி கொழுந்து பறிப்பவள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் நியாயத்துக்குத்தான் நீளும். பெயர் கொடுத்தது அவளுக்குத் தெரிந்தபோது மாமாவை ஒரு பிடி பிடித்தாள். பிறகு இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சரி என்றாள். ஏன் சரி என்றாள் என்பது அவள் முதல் வீட்டில் ஓட்டுக் கேட்டபோதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"ரோட்டுக்குக் கொங்கிரீட் போடுறேன், வேலை வாங்கித் தாறேன்னு நான் சொல்ல மாட்டேங்க. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்துல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ். அத மட்டும் கட்டித் தாறேன்."

ஆண்கள் சிரித்தார்கள். கக்கூஸ் மெம்பர் என்று பெயரும் வைத்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை. காலையில் மடுவம் இருக்கிற மேல் மலைக்கு ஏறினால் இறங்கும்வரை அவர்களுக்குச் செடி மறைவுதான். மழைக்காலத்தில் அங்கே அட்டைக்கடி வேறு. அதனாலேயே பாதிப்பேர் தண்ணீர் குடிக்காமல் கொழுந்து பறித்தார்கள். அம்மாவும் அப்படித்தான்.

வேட்புமனுவுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமா ஒரு வெள்ளைத் தாளோடு என்னிடம் வந்தார். "பாப்பா, ஒன் எழுத்துல ஒரு கடுதாசி வேணும்" என்றார். அவர் போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தேர்தல் அதிகாரி அவர்களுக்கு. மேற்படி சபையின் உறுப்பினர் பதவியை எனது சொந்த விருப்பின் பேரில் இராஜினாமாச் செய்கிறேன். இராஜினாமா என்றால் என்ன என்று கேட்டேன்.

"பதவிக்குப் போறவங்க எல்லாரும் குடுக்குற கடுதாசி" என்றார் மாமா. பொய் சொல்லவில்லை. அந்தக் கட்சியில் எல்லாரிடமும் அப்படித்தான் வாங்கினார்களாம்.

எழுதி முடித்து, பேனையை வலப்பக்க மூலைக்குக் கொண்டுபோனேன். மாமா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"தேதி வேணாம். அத மேல உள்ளவங்க போட்டுக்குவாங்க."

"தேதி இல்லாட்டி ரெண்டு புள்ளி கொறையும் மாமா."

மாமா சிரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நாலு கலர் பேனையை எடுத்துக் கொடுத்தார். எனக்கு இரண்டு புள்ளி மறந்துபோனது.

அன்று பின்னேரம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து வேட்புமனுத் தாள்களில் கையொப்பம் வைத்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஒவ்வொரு தாளையும் வரிக்கு அடியில் விரல் வைத்து மெதுவாக வாசித்தாள். சிங்களத் தாள்களை மாமா இரண்டிரண்டு தரம் விளக்க வேண்டியிருந்தது. ஒரு பத்திரத்தில் அவளது அடையாள அட்டை இலக்கம் பிழையாக இருந்ததைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்த வைத்தாள். கடைசியாக என் கடிதம் வந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இது பாப்பா எழுத்துல்ல?" என்றாள். விரல் வைக்கவில்லை. வாசிக்கவில்லை. கையொப்பம் வைத்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் பெருமையில் உப்பிப்போய் நின்றேன். இன்றைக்கும் அந்தக் கன்னத்தை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

ஓட்டுப்போட எங்கள் தோட்டத்துப் பெண்கள் வரிசையாகப் போனார்கள். வாக்குச்சீட்டில் சித்தியின் பெயர் இல்லை. கட்சியின் பெயரும் சின்னமும் மட்டும்தான். அந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டால் சித்திக்குப் போட்ட மாதிரிதான் என்று மாமா சொல்லியிருந்தார். கட்சிக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று பட்டியலிலிருந்து சித்திக்கு வந்தது. லயத்தில் வெடி கொளுத்தினார்கள். சித்தி கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டு முதல் பஸ்ஸில் சபைக் கூட்டத்துக்குப் போனாள். அம்மா அவளுக்குச் செருப்பு இரவல் கொடுத்தாள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் ஒரே விஷயத்தைத்தான் பேசினாளாம். கக்கூஸ். மற்ற உறுப்பினர்கள் சலித்துப்போனார்கள். தோட்டத்துக் காணி துரைமாருடையது, சபை அதில் கட்ட முடியாது என்றார்கள். அவள் துரையிடம் போய் அனுமதிக் கடிதம் வாங்கி வந்தாள். கோரிக்கையை எழுதிக் கொடுத்ததும் நான்தான், திகதி போட்டு. ஏறக்குறைய இரண்டு வருடம் அலைந்து கடைசியில் வேலை தொடங்கியது. மேல் மலையில் கல்லும் சீமெந்தும் வந்து இறங்கின. சுவர் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. பெண்கள் கொழுந்துக் கூடையோடு நின்று அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அப்போதுதான் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் இராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அதில் இருந்தது. சித்தி நேரே மாத்தளைக்குப் போனாள். அங்கே தேர்தல் அதிகாரி இராஜினாமாக் கடிதத்தைக் காட்டி, இது உங்கள் கையொப்பம்தானா என்று மட்டும் கேட்டாராம். ஆமாம் என்றாள். அப்படியானால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பிரதியோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமாவும் இருந்தார். இரண்டு வருடம் சித்திக்கு, மிச்சக் காலம் அமைப்பாளரின் தம்பி மனைவிக்கு என்று ஆரம்பத்திலேயே பேசி முடித்திருந்தார்களாம். "சொன்னா நீ சம்மதிக்க மாட்டேன்னு தெரியும். அவங்க மறந்துடுவாங்கன்னு நெனச்சேன்" என்றார், தரையைப் பார்த்தபடி.  சித்தி தாளை என் முன்னால் விரித்தாள். என் உருண்டை எழுத்து. வலப்பக்க மூலையில் மட்டும் வேறொருவருடைய கோணல் எழுத்தில் திகதி.

"எழுதுறப்ப வாசிச்சியா பாப்பா?"

"வாசிச்சேன் சித்தி. எனக்கு வெளங்கல."

"எனக்கு வெளங்கியிருக்கும்" என்றாள். "நான் வாசிக்கல."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

மறுநாள் விடியற்காலையில் நான் இன்னொரு கடிதம் எழுதினேன். நான் விலகவில்லை, எனக்கு விலக விருப்பம் இல்லை, எங்கள் கக்கூஸ் இன்னும் முடியவில்லை என்று. முதலில் திகதியைப் போட்டேன். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சித்தியிடம் ஓடிப்போய் நீட்டினேன். இந்தத் தடவை அவள் வரிக்கு அடியில் விரல் வைத்து முழுவதையும் வாசித்தாள். "தேதி சரியா இருக்கு" என்றாள். கையொப்பம் வைத்து, மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பதில் வரும் என்று நான் அந்தப் பள்ளித் தவணை முழுவதும் தபால்காரரை வழிமறித்துக் கேட்டேன்.

இப்போது எனக்கும் ஓட்டு இருக்கிறது. முதல் தடவை போட்டுவிட்டு வந்தபோது மேல் மலைக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் அதே இடுப்பு உயரத்தில்தான் நிற்கிறது. பெண்கள் அதன்மேல் ஒரு பழஞ்சேலையைக் கட்டி மறைத்திருக்கிறார்கள். மாமாவுடைய முதல் கடிதத்தில் அன்றைய திகதியை நான் போட்டிருந்தால், அப்போது இன்னும் கிடைத்திராத பதவியிலிருந்து விலகிய அந்தத் தாள் யாருக்கும் பயன்பட்டிருக்காது. கை அந்த மூலை வரைக்கும் போனது. ஒரு பேனைக்காகத் திரும்பி வந்தது.

இரண்டாவது கடிதத்தைச் சித்தி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தபால் பெட்டி கீழே, பஸ் நிற்கும் இடத்தில் இருந்தது. சித்தி மேல் மலைப் பாதையில் ஏறிப்போனாள். நான் கையசைத்துக்கொண்டே நின்றேன். அவள் கையொப்பம் வைத்தது எனக்காக மட்டும்தான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.