ரதி வேடத்தில் ஒரு பிரெஞ்சு நடிகர்

மதியம் ஒரு மணிக்குப் பதுளையில் பஸ் ஏறினேன். ஹாலிஎல தாண்டும்வரை நின்றபடியே பயணம். பண்டாரவளையில் இறங்கிப் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோ பிடித்தேன்; இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா. மொனராகலை வெக்கையில் வளர்ந்த எனக்கு மாசிக் குளிரில் பல் கிடுகிடுத்தது.

"பிரான்ஸ் நடிகரப் பாக்கத்தானே போறீங்க?" என்று சிரித்தார் ஓட்டுநர். "நேத்துலேருந்து அதே சவாரிதாங்க!"

அந்த நடிகர் செல்வராஜ், இதே தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். இருபது வயதில் பாரிஸ் போய், உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு நாடக அரங்கொன்றைக் கூட்டிப் பெருக்கி, ஒத்திகைகளைப் பார்த்தே பிரெஞ்சு வசனம் கற்றவர். சினிமாவில் காவலாளி, சமையல்காரர், அகதி என்று துண்டு வேடங்கள். மேடையில் அரசனாகவே நின்றிருக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, அசுர உழைப்பு!

இப்போது காமன் கூத்தில் ரதியாக ஆட வந்திருந்தார். சிவன் எரித்த மன்மதனுக்காக அழும் மனைவி ரதி. அந்த வேடத்தை ஆண்களே கட்டுவார்கள்.

லயத்து வாசலில் அவருடைய அக்கா மாரியாயி உட்கார்ந்திருந்தார். கூத்துக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

"மாட்டேங்க. அம்மா செத்தன்னைக்கி அங்க நாடகம் ஆடிக்கிட்டிருந்தான். சாவுக்குக்கூட வரல. அவன் ஆடுறத நான் பாக்கவா?"

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. செல்வராஜ் உள்ளேதான் இருந்தார். தேத்தண்ணீர் நீட்டியபடி மெல்லச் சொன்னார்: "எங்கக்கா ஒருத்தி வந்தாப் போதுங்க. வேற யாரும் வராட்டியும் பரவாயில்ல."

இரவெல்லாம் கூத்து நடந்து, விடியும் நேரம் மன்மதன் எரிந்தான். செல்வராஜ் சேலை மண்ணில் புரள விழுந்து ஒப்பாரி வைத்தார். அம்மாடி, என்ன குரல்! வழக்கப்படி பெண்கள் ரதியைச் சுற்றி உட்கார்ந்து கூடவே அழுதார்கள். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரியாயி வந்தார். தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்னப் பெத்த அம்மா..." என்று ஒப்பாரி எடுத்தார்.

மன்மதனை அழைத்துக்கொண்டிருந்த செல்வராஜுக்கு வசனம் நின்றுபோனது. "அம்மா, அம்மா" என்று தேம்பினார். தப்பு மேளம் அடித்தவரும் கையை நிறுத்திவிட்டார். நானும் அழுதேன், வெட்கமென்ன?

ஏழரை பஸ்ஸுக்குப் புறப்படும்போது சொல்லிக்கொண்டு போக லயத்துக்குப் போனேன். அரிதாரம் கலையாத முகத்தோடு ரொட்டியைப் பிய்க்கப் போன தம்பியின் கையை மாரியாயி தட்டிவிட்டார்.

"போய்த் தலைக்கு ஊத்திட்டு வாடா. அம்மா சாவுக்கு வந்துட்டுக் குளிக்காமச் சாப்பிடலாமா?"