அம்மா குடியிருந்த வண்டிக்கு சோலார் போட்ட கதை

இந்த ஊர்க்காரர்களிடம் எனக்கு இன்றுவரை பிடிபடாத சங்கதி ஒன்று உண்டு. நாலு படுக்கையறை, இரண்டு குளியலறை, கார் நிறுத்தத் தனி அறை என்று பார்த்துப் பார்த்து வீடு கட்டுவார்கள். லீவு வந்தால் போதும், அந்த வீட்டைப் பூட்டிவிட்டு, சக்கரம் வைத்த ஒரு பெட்டியைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு காட்டுப்பக்கம் கிளம்பிவிடுவார்கள். பெட்டியை விரித்தால் தார்ப்பாய்ச் சுவர், உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, கையகலத்தில் ஒரு ஃபிரிட்ஜ். நாலு பேர் அதற்குள் நெருக்கிப் படுத்து எழும்பி, ஆகா என்ன சுகம் என்பார்கள். இதற்குப் பெயர் கேம்பர் டிரெய்லர். இலங்கையின் மடுல்சீமையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் ஆறு பேராகப் படுத்து வளர்ந்தவன் நான். அந்தச் சுகத்திலிருந்து தப்பத்தான் ஆஸ்திரேலியா வரை ஓடி வந்தேன். வந்த இடத்தில் அதையே காசு கொடுத்து வாங்குகிறார்கள். என்னத்தைச் சொல்ல, பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் நானும் பழையது ஒன்றை வாங்கிப் போட்டேன்.

அந்த வண்டி எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் நின்றது. வருஷத்தில் பத்து நாள் வெளியே போகும், மிச்ச நாளெல்லாம் சருகு மூடிக் கிடக்கும். போன ஆகஸ்டில் அம்மா வந்தாள். மெல்பேர்னிலிருந்து இரண்டு மணி நேரம் உள்ளே தள்ளியிருக்கும் இந்தச் சின்ன டவுனுக்கு, முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்த அம்மா, இரண்டு சுவெட்டரை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். அவளுக்கென்று ஓர் அறையை ஒழுங்கு செய்து, சாமிப்படம் மாட்டி, புது விரிப்பு விரித்து வைத்திருந்தோம். வந்தது என்னவோ சுற்றுலா விசாவில்தான். ஆனால் இனி அவளைத் திருப்பி அனுப்புவதில்லை என்று நான் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அப்பா போய் ஆறு வருஷமாகிறது. அக்கா வேறு லயத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். அம்மா அந்த அறையில் ஒற்றை ஆளாகக் கிடக்க, நான் இங்கே ஹீட்டர் போட்டுக்கொண்டு தூங்குவது எனக்கே அசிங்கமாக இருந்தது. விசாவை நீட்டிக்க நவம்பர் முடிவதற்குள் விண்ணப்பம் போட வேண்டும், அதில் அம்மாவின் கையெழுத்து வேண்டும். கேட்டால், "பாக்கலாம்ப்பா" என்பாள்.

வந்த பத்தாம் நாள், வேலை முடிந்து வந்தால் வீட்டில் அம்மாவைக் காணோம். அறை அறையாகத் திறந்து பார்த்தேன். என் மனைவி மாலா தெருமுனை வரை ஓடிப்போய்த் தேடினாள். கடைசியில் பார்த்தால், கேம்பர் வண்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அவள் பை, கம்பளி, சாமிப்படம். சாமிப்படத்தையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள் என்றால் குடிவந்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

"என்னம்மா இது?"

"அந்த வீட்டுல பகல் முச்சூடும் ஒரு பொட்டுச் சத்தமில்ல சேகரு. கண்ணாடிய சாத்துனா காது அடைச்சுப் போவுது. இங்கன்னா நாலு சத்தம் விழுது. பக்கத்து வீட்டுக்காரு இருமுறதுகூட கேக்குது."

"அவரு இருமுறத கேட்டு நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"மனுசன் உசுரோட இருக்காருன்னு தெரியுதுல்ல."

மாலா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லயத்திலிருந்து மீட்டுக்கொண்டு வந்த அம்மா, என் வளவுக்குள்ளேயே ஒரு லயத்தைக் கண்டுபிடித்துவிட்டாளே என்று பொருமிக்கொண்டு நின்றேன். அவள் மரத்தடியில் கிடந்த இலையைக் கசக்கி மோந்து பார்த்து, "இது நம்ம டர்பன்டைன் மரமில்ல?" என்றாள். தோட்டத்தில் யூகலிப்டஸுக்கு அதுதான் பெயர். இது இந்த நாட்டு மரம், இங்கிருந்துதான் அங்கே கொண்டுபோய் நட்டார்கள் என்றேன். "அப்ப இதுவும் வெளியூரு போயி பொழச்சதுதானா" என்று அடிமரத்தைத் தடவினாள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு, தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிறவள் மாதிரி அவசரமாக எழும்பி, வண்டியைச் சுற்றிக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள்.

இருமுகிற அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கிரெக், ஓய்வுபெற்ற மெக்கானிக். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். மழையைப் பற்றிப் பேசினார். புல்வெட்டும் மெஷினைப் பற்றிப் பேசினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, என் அம்மா வேண்டுமானால் வந்து இருக்கலாம் என்றார். எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்குத்தான் எங்கள் வீட்டில் தனி அறை இருக்கிறதே என்றேன். "பிறகு ஏன் அவரை வெளியே போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டேவிட்டார். மானம் போயிற்று. பெற்ற தாயை வீட்டை விட்டு விரட்டியவன் என்று ஒரு வாரமாக என்னைப் பற்றி நினைத்திருக்கிறார் மனுஷர். அம்மாவாகவே விரும்பிப் போனாள் என்றேன். விரட்டியவன் எவனும் அப்படித்தானே சொல்வான்? அந்த நேரம் பார்த்து அம்மா ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டி, "சாப்புடுங்க தொர" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்து மனேஜரைக் கூப்பிடும் சொல்லை இந்த மனுஷருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? அதட்டினேன். "வெள்ளக்காரர வேற என்னான்னு கூப்புடுறதாம்?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். கிரெக்குக்குச் சம்பல் உறைத்துக் கண்ணீர் வந்தது. ஆனாலும் அன்றைக்குத்தான் அவருடைய சந்தேகம் தெளிந்தது.

வெளிச்சம்தான் தகராறு செய்தது. வண்டியின் கூரையில் சின்னதாக ஒரு சோலார் பேனல் இருந்தது. மர நிழலில் அதற்கு எங்கே வெயில்? பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்தில் பேட்டரி இறங்கி விளக்கு மங்கிவிடும். வண்டியை வெயிலுக்கு நகர்த்துகிறேன் என்றால், மரத்தை விட்டு வரமாட்டேன் என்கிறாள். சரியென்று வீட்டிலிருந்து நீள வயர் இழுத்துக் கொடுத்தேன். அம்மா அதைத் தொடவே இல்லை. மூன்று நாளாக மெழுகுதிரியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று சத்தம் போட்டேன்.

"அடுத்த வீட்டு வயர்ல எரியிற வெளக்கு எனக்கு வேணாம் சேகரு."

எனக்கு உடனே விளங்கியது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் இரண்டு வீட்டுக்குத்தான் கரண்ட் இருந்தது. மற்றவர்கள் அவர்களிடம் கேட்டு ஒரு வயர் இழுத்து, ஆளுக்கொரு பல்பு போட்டுக்கொள்வோம். எங்கள் பல்பின் வயர் பக்கத்து வீட்டு அத்தையின் சுவரிலிருந்து வந்தது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சண்டை வந்தால் போதும், வீட்டுக்குள் போன வேகத்தில் அத்தை வயரைப் பிடுங்கிவிடுவாள். சோற்றில் கை வைத்திருக்கும்போது படீரென்று இருட்டாகும். அம்மா எழும்பிப் போய்க் குப்பி லாம்பைக் கொளுத்துவாள். சொந்த கரண்ட் வந்த அன்று அவள் ஸ்விட்சுக்கு மஞ்சள் பொட்டு வைத்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும், என் வீடும் உங்களுக்கு அடுத்த வீடா அம்மா? கேட்டேன். அம்மா வெங்காயத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே தீர்மானித்தேன். வண்டி நிழலில் நிற்கட்டும், பேனலை வெயிலில் வைப்போம். விரித்து மடக்கக்கூடிய பெரிய பேனல்கள் கடையில் கிடைக்கின்றன. அதை வளவின் நடுவில் நிறுத்தி, வயரைக் கொண்டுவந்து வண்டியில் செருகுவதற்கு வெளிப்பக்கமாக ஒரு சொக்கெட் பூட்டினால் போதும். அம்மாவுக்குச் சொந்த வெளிச்சம். யாரிடமும் கேட்டு வாங்கியதல்ல, யாரும் பிடுங்க முடியாது. சொந்த விளக்கு எரிகிற இடத்தை விட்டு அவள் ஏன் போகப்போகிறாள்? இதுதான் என் கணக்கு.

கிரெக் வட்ட வாளோடு வந்தார். நல்லாயிருக்கிற வண்டியின் தகட்டில் ஓட்டை போடும் இடத்தை நான் மூன்று தரம் அளந்து பார்த்தேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, கங்காணி மாதிரி எங்களை மேய்த்தாள். "கோணலா போவுது பாரு... தொர, கொஞ்சம் மேல!" கிரெக்குக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் மேலே தூக்கினார். ஓட்டையில் மூடியுள்ள சொக்கெட்டைப் பொருத்தி, மழை இறங்காமல் சுற்றிலும் சிலிக்கோன் பூசினோம். உள்ளே தடித்த வயரை இழுத்து, பேட்டரி கொதித்துப் போகாமல் மின்சாரத்தை அளந்துவிடும் ரெகுலேட்டரைப் பூட்டி, பேட்டரிக்குக் கிட்டே ஃபியூஸ் வைத்தோம். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு என்று நான் வாய்விட்டுச் சொன்னபோது அம்மா சிரித்தாள். அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாராம். லயத்துக்கு ஒரே ஒரு டீவி இருந்த காலத்தில், அதை ஓட்டுகிற கார் பேட்டரியைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்து, சார்ஜ் ஏற்றப் பசறை டவுனுக்குக் கொண்டுபோவது அப்பாதான். அசிட் பட்டு அவருடைய எல்லாச் சட்டையிலும் தோள்பட்டையில் ஓட்டை இருக்கும்.

பேனலை விரித்து, பிளக்கைச் செருகினேன். ரெகுலேட்டரில் பச்சை விளக்கு மினுங்கியது. அம்மா எழும்பி வந்து வண்டிக்குள் ஸ்விட்சைப் போட்டாள், அணைத்தாள், திரும்பப் போட்டாள். பட்டப்பகலில் எரிகிற பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். சாமிப்படத்துக்கு முன்னால் இருந்த குங்குமத்தை எடுத்து ஸ்விட்சுக்குப் பொட்டு வைத்தாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். விசா விண்ணப்பத்தை அச்செடுத்து, பேனாவோடு வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன்.

அம்மா தாளைப் பார்க்கவில்லை. வெளியே போய்ப் பிளக்கைக் கையில் பிடித்து இழுத்தாள். கழன்று வந்தது. திரும்பச் செருகினாள்.

"தோதாத்தான் செஞ்சிருக்க. மடக்கிக் கையில எடுத்துட்டுப் போயிறலாம், என்னா?"

"ஆமா..."

"அப்ப இத எனக்குக் குடுத்துரு. காத்தடிச்சா நம்ம பக்கம் நாலு நாளு கரண்டு இல்ல. அங்க வச்சு எரிச்சுக்கிறேன்."

இங்கே உங்களுக்கு என்ன குறை என்று கத்தினேன். கிரெக்கின் காதில் விழுந்திருக்கும், விழட்டும். அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"ஒரு கொறையும் இல்லப்பா. ஒன் வீட்டுல நான் விருந்தாளி. இந்த வண்டியிலதான் வீட்டுக்காரி. ஆனா இதுக்குச் சக்கரமுல்ல இருக்கு. சக்கரம் வச்ச வீட்ட நம்பி எத்தன நாளு இருக்கிறது? மரணாதார சங்கத்துல என் பேரு இருக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா லயமே வந்து நிக்கும். இங்க யாரு வருவா, தொர ஒருத்தருதான் வருவாரு."

தோட்டத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பந்தல் போட்டு, விறகு கொண்டுவந்து, பெட்டி தூக்குவது வரை அந்தச் சங்கம்தான் பார்க்கும். அப்பாவுக்கும் அவர்கள்தான் பார்த்தார்கள். நான் அன்றைக்கு இங்கே ஷிஃப்டில் நின்றிருந்தேன். அதை அம்மா சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

நவம்பர் கடைசியில் அவளை ஏற்றிவிட்டோம். பேனலை மடக்கிக் கம்பளியில் சுற்றிப் பெரிய பைக்குள் வைத்தோம். விமான நிலையத்துக்கு கிரெக்கும் வந்தார். அம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்து, இருமலுக்குக் கொத்தமல்லி போட்டுக் குடிக்கச் சொன்னாள். உள்ளே போகும்வரை என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வீட்டுக்கு வந்து வண்டிக்குள் படுத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

ஜனவரியில், பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில், அக்கா புருஷன் போனில் பேசினார். பதுளையில் பேட்டரியும் ரெகுலேட்டரும் வாங்கி எல்லாவற்றையும் பூட்டிவிட்டாராம். பேனலை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று கேட்டார். "வடக்கப் பாத்து நல்லா சாய்ச்சு வைங்க மச்சான்" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல். நாலாம் நாள் ஞாயிறு, எனக்கு மத்தியானம், அங்கே காலை, அம்மா கூப்பிட்டாள்.

"வெளக்கு நல்லா எரியுது சேகரு."

"எரியாம? பாத்துப் பாத்து வாங்குனதும்மா."

"மூணு நாளு மினுக்கு மினுக்குன்னுதான் எரிஞ்சிச்சு. நேத்து நாந்தான் அத அந்தாண்ட திருப்பி வச்சேன். கோச்சுக்காத. நீ வடக்கன்னு சொல்லியிருந்த. இங்க தை மாசத்து வெயிலு தெக்கால சாஞ்சுதானப்பா வரும்."

இந்த நாட்டில் சூரியன் வடக்கு வானத்தில்தான் போகும், பேனலை வடக்கே திருப்பித்தான் வைக்க வேண்டும். அதே நினைப்பில் சொல்லிவிட்டேன். இருபத்துநாலு வருஷம் அந்த லயத்து வாசலில் முதுகைக் காயவைத்தவன் நான். என் ஊரில் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது எனக்கு மறந்து போயிருக்கிறது.

"தெரிஞ்சிருந்தும் ஏம்மா மூணு நாளு அப்பிடியே வச்சிருந்தீங்க?"

"நீ சொன்னியேப்பா. பெத்த புள்ள சொன்ன பக்கம் ரெண்டு நாளாச்சும் இருக்கட்டுமேன்னு வச்சிருந்தேன்."

போனை வைத்துவிட்டு வளவில் இறங்கினேன். பிள்ளைகளின் லீவுக்காக வாங்கிய புதுப் பேனல், வண்டிக்கு முன்னால் வடக்கே, ஊர் இருக்கிற பக்கம் பார்த்து நின்றது. அம்மாவுடையது இந்நேரம் லயத்து வாசலில் தெற்கே, நான் இருக்கிற பக்கம் பார்த்து நிற்கும்.